உதவும் பிள்ளை வேண்டுமென்றால் நிஜமான வேலை கொடுங்கள்

பிள்ளைகள் நல்ல மனசோடு வளர வேண்டும், நாலு பேருக்கு உதவியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் கிடையாது. ஆனால் அதற்காக நாம் செய்வதெல்லாம் பெரும்பாலும் பேச்சுதான். விட்டுக்கொடு, பகிர்ந்துகொள், பெரியவர்களுக்கு ஒத்தாசையாக இரு என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அதே பிள்ளை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், “நீ போய் விளையாடு, எனக்கு நேரமாகுது” என்று அனுப்பிவிடுகிறோம்.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். பெரியவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், சின்னவன் தொடக்கப் பள்ளியில். இவர்களை வளர்த்ததில் எனக்கு உறுதியாகப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. தன்னை நம்பி ஒருவர் இருக்கிறார், தான் போகாவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுபோகும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்த பிள்ளைக்கு அறிவுரை அதிகம் தேவைப்படுவதில்லை. தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு சொன்னாலும் ஒட்டுவதில்லை.

உதவும் குணம் நாம் புதிதாக ஊட்டுவதும் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குச் சாட்சி. ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். கை நிறையப் பத்திரிகைகளோடு வந்து மூடிய அலமாரிமுன் திண்டாடுவார். உதவி வேண்டும் என்று கேட்கமாட்டார், செய்தால் பாராட்டவும் மாட்டார். 22 குழந்தைகள் ஒரு முறையாவது எழுந்துபோய் உதவின. நடையே இன்னும் திடமாகாத வயசு அது!

அப்படியானால் அந்தக் குணம் நடுவில் எங்கே போகிறது? ஹாரியட் ரைன்கோல்ட் என்ற உளவியலாளர் 1982-இல் எழுதிய ஆய்வில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகள், பெரியவர்கள் துணி மடிப்பதையும் பெருக்குவதையும் பார்த்ததும் தாங்களாகவே வந்து கைகொடுத்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று பேசும்போது, குழந்தை குறுக்கே வரும் என்பதால் அது தூங்கும் நேரத்தில் வேலையை முடித்துக்கொள்வதாகச் சில பெற்றோர் சொன்னார்களாம். படித்தபோது எனக்குத் தெரிந்த பாதி வீடுகள் கண்முன் வந்தன.

எங்கள் வீட்டில் குழந்தை விழித்திருக்கும்போது செய்வதற்கென்றே சில வேலைகளை ஒதுக்கி வைத்தோம். சின்னவனுக்கு இரண்டு வயதில் வந்த வேலை, கொடியில் துணி போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பது. அப்புறம் கைக்குட்டை மடிப்பது, காலுறைகளை ஜோடி சேர்ப்பது. விளையாட்டுத் துடைப்பம் வாங்கித் தரவில்லை. நிஜத் துடைப்பத்தையே அவன் உயரத்துக்குப் பிடியை வெட்டிக் கொடுத்தோம். இதில் நான் கறாராக வைத்திருந்த விதி, அவன் மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கக் கூடாது என்பது. அவன் எதிரில் மட்டுமல்ல, அவன் தூங்கிய பிறகும்தான். கசங்கிய கைக்குட்டையோடுதான் அவன் அப்பா வேலைக்குப் போனார். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். தன் வேலை வீட்டில் பயன்படுகிறதா, இல்லை தன்னைச் சமாளிக்கக் கொடுத்த வேலையா என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

1950-களில் தொடங்கி பியாட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் தம்பதியின் ஆய்வுக்குழு கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஒக்கினாவா, இந்தியா, அமெரிக்கா ஆகிய இடங்களில் ஆறு சமூகங்களின் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல வீட்டுக்கு உண்மையிலேயே தேவையான வேலைகளைச் செய்த பிள்ளைகள்தான் பிறருக்கு அதிகமாகக் கைகொடுத்தார்கள், ஆதரவாக இருந்தார்கள். கென்யாவின் ஞான்சொங்கோ பிள்ளைகள் இதில் முன்னால் நின்றார்கள். பள்ளிப் படிப்பும் தன் அறையை ஒழுங்காக வைப்பதும் மட்டுமே பொறுப்பாக இருந்த பிள்ளைகள் அந்த அளவுக்கு இல்லை. குழந்தையின் முதுகில் சுமையை ஏற்றச் சொல்லி இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவான, ஆனால் பொய்யில்லாத வேலை வேண்டும். “உன் அறையைச் சுத்தம் செய்” என்பது அவன் வேலை. “தாத்தா வருவதற்குள் கூடத்தில் வழியை ஒழித்து வை, அவருக்குக் கால் தடுக்கும்” என்பது இன்னொருவருக்கான வேலை. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டாவதைத்தான் நாம் கொடுக்க மறக்கிறோம்.

பரிசு பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து இருக்கிறது. உதவி செய்தால் நட்சத்திரம், பத்து நட்சத்திரம் சேர்ந்தால் பொம்மை என்று சுவரில் அட்டவணை ஒட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை நான் அனுமதிக்கவே இல்லை. அதே வார்னெக்கனும் தோமசெல்லோவும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். உதவியதற்கு ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. வெறும் வாய்ப்பாராட்டு பெற்றவையும் ஒன்றுமே பெறாதவையும் வழக்கம்போல உதவிக்கொண்டிருந்தன. பரிசு வந்ததும் அந்தக் காரியத்துக்கு வேறு காரணம் வந்துவிடுகிறது. “நல்ல பையன்” என்பதைவிட, நடந்ததைச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. “நீ வழியை ஒழிச்சு வச்சதால தாத்தா தடுமாறாம வந்து உக்காந்துட்டாரு.” அவ்வளவுதான். பிள்ளையின் கண் தன்மேல் திரும்பாமல் தாத்தாமேல் போகிறது.

வீட்டுக்கு வெளியே உதவுவது பற்றிச் சொல்ல, மகள் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். பார்வை மங்கிப்போய், செய்தித்தாளில் தலைப்பைத் தாண்டிப் படிக்க முடியாது. மகளுக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். “சனிக்கிழமை காலையில உங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்ட இவ வரலாமா?” என்று பாட்டியிடம் கேட்டேன். மகளிடமும் முன்பே கேட்டிருந்தேன். இரண்டு பக்கமும் கேட்பது முக்கியம். உதவி வேண்டுமா, எந்த மாதிரி வேண்டும் என்று கேட்காமல் போய் இறங்குவது மரியாதை இல்லை.

முதல் வாரங்களில் நானும் கூடவே உட்கார்ந்தேன். மகள் மூச்சு விடாமல் ஓட்டுவாள். பாட்டி கையைக் காட்டி நிறுத்துவார். “யாரு துரத்துறா? புள்ளி வந்தா நில்லு கண்ணு.” முதலில் இரங்கல் பக்கம்தான் படிக்க வேண்டும் என்பார். ஏன் பாட்டி என்று இவள் கேட்டதற்கு, “எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் அந்தப் பக்கத்துலதான் வர்றாங்க இப்ப” என்றார். மகள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அந்த வயசில் ஒரு பிள்ளைக்கு முதுமை என்றால் என்ன என்று நான் எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பேன்?

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, மின்கட்டண ரசீது ஒன்று வந்திருந்தது. பாட்டி அதை எடுத்து, முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்து, விரலால் ஒரு முறை தடவிவிட்டு, மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. மகள் கவனித்தாள். கடைசித் தேதி அவருக்குத் தெரியவில்லை என்பதும், கேட்கக் கூச்சப்படுகிறார் என்பதும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. “பாட்டி, தேதியைப் பெரிசா எழுதித் தரட்டுமா?” என்றாள். தடிமனான கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு வெள்ளைத் தாளில், பக்கம் முழுக்க, தேதியையும் தொகையையும் எழுதினாள். பாட்டி அந்தத் தாளைத் தள்ளிப்பிடித்துப் படித்தார். அதிலிருந்து ரசீது வந்தால் இவளுக்காக எடுத்து வைத்துவிடுவார். வாரா வாரம் போனதால் கிடைத்த கண் அது. ஒரே ஒரு நாள் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழங்கள் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அவளுக்கு ரசீது கண்ணில் பட்டிருக்காது. பள்ளிகளில் ஏற்பாடு செய்யும் ஒரு நாள் சேவைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், ஒருவரிடம் திரும்பத் திரும்பப் போவதையே தேர்ந்தெடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கிடையாது. வேறு வீட்டுக்குப் பிள்ளை தனியாகப் போகும் நிலை வந்தபோதும் கதவு திறந்திருக்க வேண்டும், எப்போது திரும்புவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் பணத்தைக் கையாள்வதும் பெரியவர்கள் வேலை. “அம்மாகிட்ட சொல்லாத” என்று யார் சொன்னாலும் அதை உடனே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். அடக்கமும் உதவும் மனசும் உள்ள பிள்ளையிடம் தப்பான ஆள் எளிதாக நெருங்க முடியும் என்பதால், இந்த விதிகளை நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம்.

சில மாதங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது இவளுக்கும் வந்தது. “போரடிக்குதும்மா. இன்னைக்கு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போகணும்.” நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “சரி. ஆனா பாட்டி காத்துக்கிட்டு இருப்பாங்க. வரலைன்னு நீயே போய்ச் சொல்லணும். எப்ப வருவேன்னும் சொல்லணும்” என்றேன். என்னைச் சொல்லச் சொன்னாள். முடியாது என்றேன். ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் இறங்கிப் போனாள். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. “ஞாயித்துக்கிழமை வா கண்ணு, பழைய பேப்பரா இருந்தா என்ன, எனக்கு எல்லாம் புதுசுதான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவளே போனாள்.

என்னைப் பொறுத்தவரை பொறுப்பு என்பது அந்த வாசலில் நின்ற நேரம்தான். ஒரு நாள் வர முடியாமல் போவது தவறில்லை. பெரியவர்களுக்கே முடிவதில்லை. காத்திருப்பவருக்கு நேரில் சொல்லும் சங்கடத்தை நாம் பிள்ளைக்குப் பதிலாக வாங்கிக்கொண்டால், தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்பதை அது உணராமலே போய்விடும்.

பாட்டியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. சதவீதக் கணக்கை மனசிலேயே போடும் வழியெல்லாம் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இது நடக்க விடுங்கள். நம் பிள்ளை கொடுப்பவள், எதிரில் இருப்பவர் வாங்குபவர் என்ற எண்ணம் நிலைத்துவிட்டால் அது இரக்கமாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயம் அவசரம். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரிடம் நடத்திய சோதனை புகழ்பெற்றது. வேறொரு கட்டடத்துக்குப் போய் உரையாற்ற வேண்டும். போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அந்தக் கதையை மனசில் சுமந்துகொண்டு போனதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

பள்ளி முடிந்து ஒரு வகுப்பு, அது முடிந்து இன்னொரு வகுப்பு என்று ஓடும் பிள்ளை, வழியில் பையைக் கொட்டிவிட்டுப் பொறுக்கும் பிள்ளையைப் பார்த்தாலும் நிற்காது. நிற்கவும் நாம் விடமாட்டோம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவோம். அதனால்தான் ஒரு வகுப்பைக் குறைத்தோம். காலையில் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினோம். நல்ல குணம் வளர்ப்பதற்கு நாங்கள் செய்ததிலேயே செலவில்லாத காரியம் இதுதான்.

கூட்டத்தில் இருக்கும்போது வேறு மாதிரிச் சிக்கல். யாராவது செய்வார்கள் என்று எல்லோரும் நிற்பது பெரியவர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 2015-இல் மரியா ப்ளோட்னரும் சக ஆய்வாளர்களும் ஐந்து வயதுப் பிள்ளைகளிடமே இதைக் கண்டார்கள். தனியாக இருந்தபோது உதவிய அளவுக்கு, உதவக்கூடிய வேறு பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தபோது உதவவில்லை. ஆனால் அந்த வேறு பிள்ளைகளால் எழுந்து வர முடியாத நிலை என்றால், தனியாக இருந்தபோது போலவே உதவினார்கள். மனசில் ஈரம் இல்லாததால் அல்ல, இது என் வேலையா என்று தெரியாததால்தான் நிற்கிறார்கள். எனவே சின்னவனுக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது எளிது. யாராவது விழுந்தாலோ அழுதாலோ, வேறு பேர் இருக்கிறார்களா என்று பார்க்காதே, பக்கத்தில் போய் “என்ன ஆச்சு?” என்று கேள். உன்னால் முடியாதது என்றால் ஓடிப்போய்ப் பெரியவரைக் கூப்பிடு. தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்காதே, மின்சாரம் தாக்கியவரைத் தொடாதே, கத்திக் கூப்பிடு. அதுவும் உதவிதான், அந்த நேரத்தில் அதுதான் பெரிய உதவி.

இதைச் சொன்னால் போதாது, பார்க்கவும் வேண்டும். எங்கள் மாடிப்படியில் விளக்கு எரியாமல் போனால், ஏறி இறங்கும் எல்லோரும் “லைட் எரியலையே” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். என் கணவர் பல்பு வாங்கி வந்து மாட்டுவார், சின்னவன் டார்ச் பிடிப்பான். பிலிப் ரஷ்டன் என்பவர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் விளையாட்டில் ஜெயித்த வில்லைகளை (டோக்கன்களை) விரும்பினால் தானம் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார். முதலில் விளையாடிக் காட்டிய பெரியவர் கொடுத்தாரா இல்லையா என்பதைத்தான் பிள்ளைகள் பின்பற்றினார்கள். அவர் வாயால் சொன்னது அந்த நேரத்தில் பெரிதாக எடுபடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர் செய்துகாட்டியதன் தாக்கம் இருந்தது.

கொடுப்பது என்றால் பிள்ளையின் சொந்தப் பொருளிலிருந்து போகட்டும். நம் பணத்தை அதன் கையில் திணித்துக் கொடுக்க வைப்பதில் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எந்தப் பொம்மை, எந்தப் புத்தகம் என்று அதுவே முடிவு செய்யட்டும். கொடுக்க மனமில்லை என்றால் பிடுங்க வேண்டாம். உடைந்ததைக் கொடுக்க வந்தால் மட்டும், “இதை உனக்கு யாராவது கொடுத்தா வாங்கிப்பியா?” என்று கேட்போம். அப்புறம், படம் எடுத்துப் போடுவதில்லை. வாங்குகிற பிள்ளையின் முகம் நாலு பேர் பார்க்கும் இடத்தில் போவதை அந்தப் பிள்ளை விரும்புமா என்று யாரும் கேட்பதில்லை.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. உதவும் குணம் என்று நாம் பேசுவதெல்லாம் பல வீடுகளில் பெண் பிள்ளைமேல்தான் விழுகிறது. மகள் தட்டு கழுவினால் கடமை, மகன் கழுவினால் ஆச்சரியம். எங்கள் வீட்டில் வேலை வயசுப்படி பிரிகிறது. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொண்டுவருவது சின்னவன் பொறுப்பு. நாத்தனார் கைக்குழந்தையோடு வந்து தங்கியபோது தூளி ஆட்டியதும் அவன்தான். ஆண் பிள்ளைக்குச் சின்னக் குழந்தையைத் தூக்கத் தெரிய வேண்டும், அழுதால் சமாதானப்படுத்தத் தெரிய வேண்டும். அது தெரியாமல் வளரும் ஆணிடம் பிறகு மென்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முடியாது என்று சொல்லவும் உதவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். போன வருஷம் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி, வீட்டுப்பாடத்தை இவளிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள். “பாவம்மா, அவளுக்குக் கணக்கு வராது” என்றாள் மகள். “நீ எழுதிக் கொடுத்தா அடுத்த வாரம் அவளுக்குக் கணக்கு வருமா?” என்று கேட்டேன். யோசித்தாள். மறுநாள் இடைவேளையில், “எழுதித் தரமாட்டேன், வேணும்னா உக்காந்து சொல்லித் தரேன்” என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு சில நாள் பேசவே இல்லை, மகளும் வாடிப்போய்த்தான் இருந்தாள். நாங்கள் குறுக்கே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் அவளே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாட்டி சொல்லிக் கொடுத்த சதவீதக் கணக்கிலிருந்துதான் ஆரம்பித்தார்களாம். மற்ற பாடங்களை அந்தப் பெண் இப்போது தானே எழுதிக்கொள்கிறாள், கணக்குக்கு மட்டும் வருகிறாள்.